கேட்கக் கூடாத வெடியும் வலிக்காத அடியும்: வாசகர் கேள்வி – பதில்

விஞ்ஞானப் படங்கள், போர்ப் படங்கள், ஆக்‌ஷன் படங்கள் ஆகிய மூன்றையும் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்து குவிந்தவற்றிலிருந்து சிலவற்றுக்கு மட்டுமே இங்கே இடம் கிடைத்திருக்கிறது.

கேள்வி: நீங்கள் விமர்சகரும் அல்லர், திரைத்துறையைச் சேர்ந்தவரும் அல்லர். எந்தத் தகுதியில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வருகிறீர்கள்?

பதில்: காசு கொடுத்துப் படம் பார்த்தவன் என்ற தகுதியில்தான். அது போதாது என்று தோன்றினால் அடுத்த பக்கத்துக்குத் தாராளமாகப் போய்விடலாம். நானும் பாதிப் படத்தில் எழுந்து போனவன்தான்.

கேள்வி: விண்வெளியில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் ஒலி பரவாது என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் படங்களில் விண்கலங்கள் பேரோசையுடன் வெடித்துச் சிதறுகின்றன. இதைப் பிழை என்று சொல்லாமல் எப்படி ரசிப்பது?

பதில்: பிழைதான். ஆனால் எல்லாப் பிழைகளும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவை அல்ல. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்வெளிச் சண்டைகளை அமைக்கும்போது, இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டைக் காட்சிகளைத் திரட்டி, அவற்றின் அசைவுகளையே மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். எதிரிகளின் சிறு விண்கலம் சீறிக்கொண்டு கடக்கும் அந்த ஓசை, ஒரு யானையின் பிளிறலையும் ஈரச் சாலையில் கார் ஓடும் சத்தத்தையும் கலந்து உருவாக்கப்பட்டது. அதாவது, அந்தப் படம் தன்னை விண்வெளிப் பாடமாக முன்வைக்கவே இல்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே நடக்கும் பழங்காலப் போர்க்கதை என்றே முதல் காட்சியிலிருந்து சொல்லிவிடுகிறது. அங்கே சத்தம் கேட்பதைக் குறை சொல்வது, புராணக் கதையில் ஆகாயத் தேருக்குச் சக்கரம் எதற்கு என்று கேட்பதைப் போன்றது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பது 1968இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’. அதில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். தலைக்கவசத்தை மறந்துவிட்ட விண்வெளி வீரர், தம் சிறு கலத்தின் கதவை வெடிக்கவைத்துத் தாய்க்கலத்துக்குள் பாய்கிறார். கதவு பிய்த்துக்கொண்டு பறக்கிறது, புகை கிளம்புகிறது, மனிதர் சுவரில் மோதித் திரும்புகிறார். ஆனால் திரையரங்கில் ஒரு சிறு ஓசைகூட இல்லை. அவர் தட்டுத்தடுமாறி நெம்புகோலை இழுத்து வெளிக்கதவை மூடி, அறைக்குள் காற்று நிரம்பத் தொடங்கும்போதுதான் ‘ஸ்ஸ்’ என்ற ஓசை மெல்ல எழுகிறது. காற்று வந்துவிட்டது என்பதை வசனமில்லாமல் காதுக்குச் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சில விநாடிகள் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது, ஓசை வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

2013இல் வெளிவந்த ‘கிராவிட்டி’ நடுவழியைத் தேர்ந்தெடுத்தது. பாத்திரத்தின் கை எதைத் தொடுகிறதோ அதன் அதிர்வு மட்டும் உடை வழியாக மங்கிய ஓசையாகக் கேட்கும். சற்றுத் தள்ளி விண்வெளி நிலையமே நொறுங்கினாலும் கேட்காது, இசைதான் ஒலிக்கும். ஹப்பிள் தொலைநோக்கியும் சர்வதேச விண்வெளி நிலையமும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு சாய்வில் சுற்றுகின்றன. படத்தில் வருவதுபோல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்ல முடியாது என்பது வேறு விஷயம். படம் ஓடும்போது அதைப் பற்றி எண்ண எனக்கு அவகாசம் தரப்படவில்லை. தந்திருந்தால்தான் அது இயக்குநரின் தவறாகியிருக்கும்.

கேள்வி: அப்படியானால் ஒரு விஞ்ஞானப் படத்துக்கு எத்தனை பொய்களை அனுமதிப்பீர்கள்?

பதில்: ஒன்று, அதையும் கதை தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். 2015இல் வந்த ‘தி மார்ஷியன்’ படத்தில், செவ்வாய்க் கோளின் புழுதிப் புயல் விண்கலத்தையே சாய்த்துவிடும் அளவுக்கு வீசுகிறது. செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே எவ்வளவு வேகமாகக் காற்று வீசினாலும் அதற்கு அப்படித் தள்ளும் வலு இராது. மூலக்கதையை எழுதியவரே இதைத் தெரிந்துதான் செய்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் புயல் இல்லாவிட்டால் ஒரு மனிதர் அங்கே தனியாக விடப்படமாட்டார்; அவர் தனியாக விடப்படாவிட்டால் கதையே இல்லை. அந்தப் பொய்யைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு உருளைக்கிழங்குக்கு மண் எங்கே, உரம் எங்கே, தண்ணீர் எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்டிவிடுகிறார்கள். வாங்கிய கடனை வட்டியுடன் திருப்பித் தருபவரிடம் நமக்கு என்ன கோபம்?

கணக்கு இல்லாத படங்களில்தான் எனக்கு எரிச்சல் வரும். முதல் பாதியில் ஒரு கருவியை நாளுக்கு ஒருமுறைதான் இயக்கலாம் என்று நீட்டி முழக்கிவிட்டு, க்ளைமாக்ஸில் நாயகன் உணர்ச்சிவசப்பட்டதும் அது நான்கு முறை இயங்குமானால், நான் அதுவரை அந்த விதியை மனத்தில் சுமந்ததற்கு என்ன மதிப்பு?

‘இன்டர்ஸ்டெல்லார்’ (2014) பற்றிக் கேட்டுப் பலர் எழுதியிருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருந்துளைக்கு அருகில் உள்ள ஒரு கோளில் கழிக்கும் ஒரு மணி நேரம், பூமியில் ஏழு ஆண்டுகளுக்குச் சமம் என்பது அந்தப் படத்தின் விதி. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாக நகரும் என்பது ஐன்ஸ்டைனின் கோட்பாடு. படத்துக்கு ஆலோசகராக இருந்த இயற்பியலாளர் கிப் தோர்ன், 2017இல் ஈர்ப்பலை ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். ஆனால் அந்த விதி சூத்திரமாக இல்லாமல் வலியாக இறங்கும் இடம் ஒன்று உண்டு. தந்தை கலத்துக்குத் திரும்பிவந்து, 23 ஆண்டுகளாகச் சேர்ந்துகிடக்கும் காணொளிச் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறார். பையனாக விட்டுவந்த மகன் திரையில் இளைஞனாகிறான், மணம் முடிக்கிறான், குழந்தையைக் காட்டுகிறான். கடைசியில் மகள் தோன்றுகிறாள். விடைபெறும்போது சிறுமியாக இருந்தவளுக்கு இப்போது தந்தையின் வயது. கேமரா அவருடைய முகத்தை விட்டு வெகுநேரம் நகர்வதில்லை. புத்தக அலமாரிக்குப் பின்னால் நடக்கும் இறுதிப் பகுதி இன்றளவும் எனக்குச் செரிக்கவில்லை. ஆயினும் இந்த ஒரு காட்சிக்காக அதை மன்னித்துவிட்டேன்.

கேள்வி: பழைய படங்கள் காட்டிய எதிர்காலம் நமக்கு இறந்தகாலம் ஆகிவிட்டதே! அவற்றை இப்போது பார்க்க வேடிக்கையாக இல்லையா?

பதில்: 1982இல் வந்த ‘ப்ளேட் ரன்னர்’ படத்தின் கதை 2019 நவம்பரில் நடக்கிறது. பறக்கும் கார்கள் உண்டு, மனிதரைப் போன்ற செயற்கை மனிதர்கள் உண்டு. ஆனால் நாயகன் தொலைபேசியில் பேச ஒரு கூண்டைத் தேடித்தான் போக வேண்டும். எல்லாருடைய சட்டைப்பையிலும் ஒரு போன் இருக்கும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. சிரிப்பு வந்தது உண்மைதான், ஆனால் அந்த மழையும் விளக்கொளியும் என்னை விட்டுப் போகவில்லை. சில நேரம் இது தலைகீழாகவும் நடக்கும். ஃபிரிட்ஸ் லாங் 1929இல் எடுத்த நிலவுப் பயணப் படத்தில், ராக்கெட் புறப்படுவதற்கு முன் விநாடிகளைப் பின்னோக்கி எண்ணிக் காட்டினார். பேசாப் படமாதலால் எண்கள் எழுத்தாகவே திரையில் வந்தன. இன்று நிஜ ராக்கெட்டுகள் அந்த வழக்கப்படிதான் கிளம்புகின்றன.

கேள்வி: போரை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு எடுக்கப்படும் படங்களே போரைக் கவர்ச்சியாக்கிவிடுகின்றன என்று நான் சொல்கிறேன்; என் மகன் மறுக்கிறான். நீங்கள் யார் பக்கம்?

பதில்: முக்கால் பங்கு உங்கள் பக்கம். வியட்நாம் போரைப் பற்றிய ‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) படத்தில், ஹெலிகாப்டர்கள் வரிசையாகப் பறந்து, ஒலிபெருக்கியில் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசையை முழங்கவிட்டபடி ஒரு கிராமத்தைத் தாக்கும் காட்சி உண்டு. அந்தப் படையின் மமதையையும் வெறியையும் காட்டுவதற்காக எடுக்கப்பட்டது அது. ஆனால் 2005இல் வந்த ‘ஜார்ஹெட்’ படத்தில், போருக்குப் புறப்படக் காத்திருக்கும் இளம் வீரர்கள் இதே காட்சியைத் திரையில் பார்த்துக் கைதட்டி, உடன் பாடி, ஆர்ப்பரிக்கிறார்கள். ஒரு படம் எதை எண்ணி எடுக்கப்பட்டது என்பதும், அதைப் பார்ப்பவர் உடம்பில் அது எதைக் கிளப்புகிறது என்பதும் ஒன்றல்ல என்பதற்கு, ஒரு படமே மற்றொரு படத்தின்மேல் சொல்லும் சாட்சி இது. நானும் உத்தமன் இல்லை. அந்த இசை எழும்போது என் காலும் தாளம் போட்டிருக்கிறது.

உங்கள் மகனுக்குரிய கால் பங்கு, ‘கம் அண்ட் ஸீ’ (1985) போன்ற படங்களுக்காக. 1943இல் நாஜிப் படைகளின் பிடியில் இருந்த பெலாரஸில், துப்பாக்கி தூக்கும் ஆசையோடு காட்டுக்குள் போகும் ஒரு சிறுவனின் கதை. அவன் வீரம் எதையும் செய்வதில்லை, பார்க்கிறான், அவ்வளவுதான். குண்டு விழுந்ததும் அவன் காது அடைத்துக்கொள்கிறது. நமக்கும் நீண்ட நேரம் ஒரு ரீங்காரத்துக்கு அடியில்தான் மற்ற ஓசைகள் கேட்கின்றன. படம் முடியும்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் கிழவனின் சுருக்கங்கள் விழுந்திருக்கின்றன. அதைப் பார்த்து ஒருவரும் கைதட்டமாட்டார்கள். இரண்டாம் முறை பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கவர்ச்சியாக்காத படத்தைப் போரை விரும்புபவர்களே சரியாக அடையாளம் கண்டுகொள்கிறார்கள். முதல் உலகப்போரைப் பற்றிய ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ 1930 டிசம்பரில் பெர்லினில் திரையிடப்பட்டபோது, நாஜிகள் அரங்குக்குள் எலிகளையும் நாற்றக் குண்டுகளையும் விட்டுக் காட்சியைக் குலைத்தார்கள். சில நாட்களிலேயே படம் அங்கே தடை செய்யப்பட்டது. அதன் இறுதிக் காட்சியில், பதுங்குகுழியிலிருந்து ஒரு கை வண்ணத்துப்பூச்சியை நோக்கி நீளுகிறது. துப்பாக்கிச் சத்தம் ஒன்று கேட்கிறது. கை துவண்டு விழுகிறது. அந்தக் கை நடிகருடையதன்று, இயக்குநர் லூயிஸ் மைல்ஸ்டோனுடையது.

கேள்வி: ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தின் கடற்கரைக் காட்சி மட்டும் ஏன் மற்றப் போர்க் காட்சிகளைப் போல இல்லை? அதற்குப் பிந்திய படம் சாதாரணமாக இருப்பதாக எனக்குப் படுகிறது.

பதில்: 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் நடத்திய தரையிறக்கம் அது, படம்பிடிக்கப்பட்டது அயர்லாந்துக் கடற்கரை ஒன்றில். வழக்கமாக ஓர் ஓட்டக்காரரைப் படம் எடுத்தால் ஒவ்வொரு சட்டகத்திலும் அவர் கை கால் சற்று மங்கலாகத் தெரியும். கண்ணுக்கு அது வழவழப்பான அசைவாகப்படும். இங்கே கேமராவின் ஷட்டர் திறப்பைக் குறுக்கி அந்த மங்கலை நீக்கிவிட்டார்கள். அதனால் வெடியில் எழும் மணல் புகைபோல் பரவாமல் துணுக்குத் துணுக்காகத் தெறிக்கிறது. ஓடுபவர்கள் வெட்டி வெட்டி நகர்கிறார்கள். அச்சத்தில் இருப்பவர் பார்க்கும் பார்வை அப்படித்தான் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். நான் மறக்காதது, கையை இழந்த ஒரு வீரர் குனிந்து தேடி, தம் கையைத் தாமே எடுத்துக்கொண்டு நடப்பதுதான்.

எஞ்சிய படத்தைப் பற்றிய உங்கள் குறையில் பாதிக்கு உடன்படுகிறேன். கடற்கரையில் யார் சாவார் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பின்பாதியில் சாவு வசனத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது.

கேள்வி: ‘டன்கர்க்’ படத்தில் எந்தப் பாத்திரத்தின் கதையும் சொல்லப்படவில்லை. யாருக்காக நான் கவலைப்படுவது?

பதில்: முதல் முறை நானும் இதையே முணுமுணுத்தேன். கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானில் ஒரு மணி நேரம் என்று மூன்று கால அளவுகளைப் பின்னியிருப்பது புரியவே எனக்குப் பாதிப் படம் ஆயிற்று. ஆனால் 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை 3,38,000க்கும் மேற்பட்ட நேச நாட்டு வீரர்கள் பிரான்சின் டன்கர்க் கரையிலிருந்து மீட்கப்பட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் ஊரும் பேரும் தெரிந்திருக்காது. தாகமும் ஈர உடையும் படகில் இடமும்தான் அவர்களின் அப்போதைய கதை. அந்தக் கண்ணோடு பார்த்தால் படம் வேறாகத் தெரியும். பார்க்கத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தமாட்டேன்.

கேள்வி: இப்போதைய சண்டைக் காட்சிகளில் யார் யாரை அடிக்கிறார் என்றே தெரிவதில்லை. எனக்கு வயதாகிவிட்டதா, படங்கள் கெட்டுவிட்டனவா?

பதில்: உங்கள் கண்ணில் குறையில்லை. அண்மையில் ஒரு சண்டைக் காட்சியை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்து ஒரு குத்து விடுவதற்குள் ஏழு வெட்டுகள், அதாவது ஏழு முறை ஷாட் மாறுகிறது. கைப்பிடி, ஷூ, கண், மறுபடி கைப்பிடி, யாருடைய தோள் என்று தெரியாத ஒரு தோள், கண்ணாடி உடையும் ஓசை, கீழே கிடக்கும் ஒருவர். குத்து விழுந்த கணம் மட்டும் எந்தச் சட்டகத்திலும் இல்லை. படத்தொகுப்பு மேசையில்தான் அந்த ஆள் அடிபட்டிருக்கிறார்.

வேகம் என்பது வெட்டுகளின் எண்ணிக்கையில் இல்லை. எங்கே நிற்கிறோம் என்பது பார்ப்பவருக்குத் தெரிவதில் இருக்கிறது. அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954), கொள்ளையரிடமிருந்து ஒரு கிராமத்தைக் காக்க வரும் ஏழு ஜப்பானிய வாள்வீரர்களைப் பற்றிய, மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். சண்டை வருவதற்கு வெகுநேரம் முன்பே, மூத்த சாமுராய் கிராமத்தின் வரைபடத்தோடு ஒவ்வொரு பக்கமாக நடந்து, எங்கே வேலி, எங்கே நீர், எதைத் திறந்து வைப்பது என்று முடிவு செய்கிறார். கூடவே நாமும் நடக்கிறோம். கொள்ளையர் நாற்பது பேர். தாளில் அத்தனை வட்டங்கள் வரைந்து, ஒருவர் விழ விழ ஒவ்வொரு வட்டத்தையும் அடிக்கிறார். கடைசிச் சண்டை கொட்டும் மழையிலும் சேற்றிலும் நடந்தபோதும், மிச்சம் எத்தனை பேர், எந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால்தான் பயந்தேன்.

வெட்டுகள் மிகுந்த படத்தில் இது இயலாது என்றும் சொல்லிவிட முடியாது. ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ (2015) கண் இமைப்பதற்குள் காட்சி மாறும் படம், ஆனால் நாம் பார்க்க வேண்டிய பொருளை ஒவ்வொரு ஷாட்டிலும் ஏறக்குறைய திரையின் நடுவிலேயே வைத்துவிட்டார்கள். கண் அலைய வேண்டியதில்லை. அதைத் தொகுத்த மார்கரெட் சிக்ஸல் அதற்கு முன் ஆக்‌ஷன் படம் எதையும் தொகுத்தவர் அல்லர். அந்த வேலைக்கு ஆஸ்கர் வாங்கினார்.

கேள்வி: துப்பாக்கியால் சுடப்பட்டவர் பத்தடி பின்னால் பறந்து விழுவாரா? சைலன்சர் வைத்தால் ‘ப்யூ’ என்றுதான் கேட்குமா?

பதில்: கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றின் எடை சுமார் 8 கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 360 மீட்டர். அது 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் முழுவதுமாகத் தங்கிவிட்டாலும், உந்தக் கணக்குப்படி அவருக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு 4 சென்டிமீட்டர்தான். பின்னால் பறக்கும் அளவுக்கு உந்தம் இருந்தால், சுட்டவரும் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் பறக்க வேண்டியிருக்கும்! சைலன்சர் சத்தத்தை 30 டெசிபல் அளவுக்குக் குறைக்கலாம். ஆனால் துப்பாக்கிச் சத்தம் 160 டெசிபலை ஒட்டியது. அடுத்த அறையில் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கும் காவலாளி அதைக் கேட்காமல் இருப்பது, அவருக்குச் சம்பளம் அப்படிப் பேசப்பட்டிருந்தால்தான் நடக்கும்.

கேள்வி: வில்லன் ஏன் உடனே சுடாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்?

பதில்: அதுவரை அவருக்கு வேறு நல்ல வசனம் எதுவும் எழுதித் தரப்படவில்லை.

கேள்வி: கிராஃபிக்ஸ் இவ்வளவு வளர்ந்த பிறகும் ஸ்டன்ட் கலைஞர்கள் உயிரைப் பணயம் வைக்கத்தான் வேண்டுமா?

பதில்: உயிரைப் பணயம் வைக்கவே கூடாது, ஆனால் உடம்பு திரையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. 1928இல் பஸ்டர் கீட்டன் ஒரு படத்தில் அசையாமல் நிற்க, ஒரு வீட்டின் முன்சுவர் முழுதுமாக அவர்மேல் சாய்கிறது. அவர் நின்ற இடம் திறந்த சன்னலின் இடமாக இருந்ததால் தப்புகிறார். இரு பக்கமும் சில அங்குலங்கள்தான் இடைவெளி. ஜாக்கி சான் ‘போலீஸ் ஸ்டோரி’யில் (1985) விளக்குச் சரங்கள் சுற்றிய கம்பத்தில் பல மாடி உயரத்திலிருந்து சறுக்கி இறங்குவதை, வெவ்வேறு கோணங்களில் அடுத்தடுத்து மூன்று முறை காட்டுகிறார்கள். கதைக்கு அது தேவையில்லை; ஆனால் செய்தவருக்கு உள்ளங்கை வெந்துபோயிற்று, அதனால் மூன்று முறை காட்ட அவருக்கு உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்கிறேன். 1929இல் தொடங்கிய ஆஸ்கர் விருதுகளில் ஸ்டன்ட் வடிவமைப்புக்குத் தனி விருது வழங்கப்படும் என்று 2025இல்தான் அறிவித்தார்கள். அதுவும் 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து.

கேள்வி: நாயகன் சாகமாட்டான் என்று தெரிந்தே படத்துக்குப் போகிறோம். பிறகு எதற்காகப் பதறுகிறோம்?

பதில்: சாகமாட்டான் என்பது தெரியும், வலிக்காது என்று யாரும் சொல்லவில்லையே. ‘டை ஹார்ட்’ (1988) படத்தின் தொடக்கத்தில், விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் நாயகனுக்கு ஒரு யோசனை சொல்கிறார்: பயண அலுப்புத் தீர வேண்டுமானால், காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தரைவிரிப்பில் நின்று விரல்களை மடக்கி நீட்டுங்கள் என்று. போய்ச் சேர்ந்த கட்டடத்தில் நாயகன் அப்படிச் செய்துகொண்டிருக்கும்போதுதான் அங்கே துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்குகின்றன. காலணியை மாட்ட நேரமில்லாமல் ஓடுகிறார். வெகுநேரம் கழித்து, அவர் வெறுங்காலுடன் இருப்பதைக் கவனித்துவிட்ட எதிரி, கண்ணாடித் தடுப்புகளைச் சுடும்படி தன் ஆளுக்குக் கட்டளையிடுகிறான். அடுத்து அவரைக் குளியலறையில் பார்க்கிறோம். வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டே பாதத்திலிருந்து கண்ணாடித் துண்டை மெல்ல உருவி எடுக்கிறார். அதன்பின் படம் முடியும்வரை எத்தனையோ வெடித்தது. அவர் நடக்கும்போதெல்லாம் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.